மருந்து அறுபடலாகாது: குடல் அழற்சி நோயாளரும் கொள்ளைநோய்க் காலமும்

(உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள் தமிழ்நாட்டில் முதன்முதலாக ஒருவருக்குக் கொரோனாத் தொற்று உறுதி செய்யப்பட்டது. ஓமான் நாட்டிலிருந்து திரும்பியிருந்த அவர், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். நான்கு நாட்களுக்குப் பின், மார்ச் 11ஆம் நாள், இஃது உலகம் முழுவதையும் பற்றிய பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று அதே நிறுவனம் அறிவித்த நாள் 2023 மே 5. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் தொற்று கண்டவர் எத்தனை பேர், குணமடைந்தவர் எத்தனை பேர், மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு நாள்தோறும் வெளிவந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத ஒரு கூட்டத்தார் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். ஆயுள் முழுவதும் மருந்துண்டு வாழவேண்டிய நோயாளர்களே அவர்கள். கொரோனா அவர்களைத் தீண்டாமலே கூட, அக்காலம் அவர்களை வாட்டியது.

அவர்களுள்ளும் அதிகம் பேசப்படாத ஒரு சாராரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். குடலில் நீண்டகால அழற்சி உடையவர்களைப் பற்றியே என் பேச்சு அமையும். நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் பற்றி நீங்கள் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இந்நோயைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காததற்குக் காரணம் நோய் இல்லாமை அன்று. நோயுடையவர் வெட்கத்தால் வெளியே சொல்லாமையே காரணமாகும்.

நோய் எத்தகையது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வலப்பக்க அடிவயிற்றில் திடீரென வலி கண்டு, அறுவை செய்து எடுத்துவிடுகிறார்களே, அது குடல்வால் அழற்சி. இரைப்பையில் உண்டாகும் புண்ணை ‘அல்சர்’ என்று வழங்குகிறோம். நான் பேசப் போவது இவ்விரண்டும் அல்ல. பெருங்குடலின் உட்சுவர் புண்பட்டு, இரத்தமும் சீதமும் கலந்து மலம் போகும் நோய் ஒன்று. குதத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் அதனைப் பெருங்குடல் புண் அழற்சி எனலாம். மற்றொன்று வாய் முதல் குதம் வரை உணவுப் பாதையில் எவ்விடத்திலும் தோன்றக்கூடியது. சிறுகுடல் முடியும் இடத்தில் மிகுதியாகக் காணப்படும். 1932ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கிரோன் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனை விவரித்து எழுதியமையால், கிரோன் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இவை கிருமியால் வருவன அல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நிலைதவறித் தன் குடலையே தாக்குவதால் உண்டாவன. காவல்காரன் களத்து நெல்லை மேயும் மாட்டை விரட்டாமல், களத்துக்குச் சொந்தக்காரனையே அடிக்கத் தொடங்கினால் எப்படியோ, அப்படி. ஆகையால் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஒரே கிணற்று நீரைக் குடிப்பதாலோ வாராது. பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டும். சில மாதங்கள் அடங்கியிருக்கும்; பின்னர் மீண்டும் சீறும். வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, இரத்தம், இரவில் எழுப்பும் வலி, இளைப்பு, இரத்தசோகை, சிலருக்கு மூட்டு வலி ஆகியன இதன் குறிகள்.

நம் நாட்டில் இந்நோய் அரிது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எண்ணியிருந்தனர். பஞ்சாபில் லூதியானாப் பகுதியில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு லட்சம் மக்களில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதாகக் காட்டியது. பஞ்சாபின் விகிதத்தை அப்படியே இங்குப் பொருத்துதல் தகாது. ஆனாலும் எழுபதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள் கொண்ட ஓர் ஒன்றியத்தில் இந்நோயாளர் ஒருவரும் இல்லை என்று சொல்வதற்கில்லை. மூலம் என்றும், உடற்சூடு என்றும், சீதபேதி என்றும் கருதிக் கைமருந்து செய்துகொண்டிருப்பவர்களில் சிலர் இவர்களாக இருக்கக்கூடும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் இரத்தத்துடன் மலம் போகுமாயின் குடல் உள்நோக்கிச் சோதனை செய்து பார்த்தல் அவசியம்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் குடலில் காசநோயும் உண்டு. கிரோன் நோயும் குடற்காசமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தேர்ந்த மருத்துவர்களும் தடுமாறுவர். காசநோய்க்குக் கிரோன் நோய் மருந்தைக் கொடுத்தால் காசம் பெருகும். ஆகவே இந்நோய்க்கு மருந்து வாங்கும் இடம் மருந்துக்கடை மேசை அன்று.

தொற்றினால் ஆபத்து எவ்வளவு?

கொரோனா பரவத் தொடங்கியதும் குடல் அழற்சி நோயாளரும் அவர்தம் மருத்துவரும் பெரிதும் அஞ்சினர். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் எதிர்ப்புச் சக்தியை அடக்குவன. அடங்கிய எதிர்ப்புச் சக்தியோடு புதிய கிருமியை எதிர்கொள்வது எங்ஙனம்? மருந்தை நிறுத்திவிட்டால் நலமன்றோ என்று நோயாளர் பலரும் எண்ணினர்.

இவ்வினாவுக்கு ஊகத்தால் விடை கூறாமல், கணக்கெடுத்து விடை காண முயன்றனர் சிலர். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தாரும் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையாரும் ஓர் உலகப் பதிவேட்டைத் தொடங்கினர். குடல் அழற்சி உடைய எவருக்கேனும் கொரோனா வந்தால், அவருடைய மருத்துவர் அந்த விவரத்தை, நோயாளியின் பெயரின்றி, அதில் பதிவு செய்யவேண்டும். முதலில் வெளிவந்த தொகுப்பில் 33 நாடுகளிலிருந்து 525 நோயாளரின் விவரங்கள் இருந்தன. அவர்களில் 161 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 37 பேருக்கு நோய் கடுமையாயிற்று. 16 பேர் இறந்தனர்.

இந்த எண்களைக் கேட்டு உடனே அஞ்சிவிட வேண்டா. இலேசாக வந்து போன காய்ச்சல்கள் பல மருத்துவர் கவனத்திற்கே வந்திரா. வந்தவையே பதிவாயின. ஆதலின் உண்மை நிலை இதைவிட இலேசானதாகவே இருந்திருக்கும். எத்தனை பேர் என்பதைக் காட்டிலும், எவருக்கு என்பதே நமக்குப் பயன்படும் பாடம். முதியோர், இதயநோய் போன்ற வேறு நோய்களும் உடையோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுந்தது. இஃது எல்லாரும் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது மற்றொன்று. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்த ஊசிவழிச் செலுத்தப்படும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற விலையுயர்ந்த மருந்துகளைத் தனியாகப் பெற்றுவந்தவர்களுக்கு ஆபத்து கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வந்தவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு, உட்கொள்ளாதவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்து காணப்பட்டது.

மெசலமின், சல்ஃபாசலசின் ஆகிய மாத்திரைகள் மீதும் அம்முதல் தொகுப்பில் ஓர் ஐயம் எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பல அதனை உறுதி செய்யவில்லை. அசதியோபிரினையும் இன்ஃப்ளிக்சிமாப் வகை மருந்தையும் சேர்த்துப் பெறுவோர் சற்றுக் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதும் பின்னர் அறியப்பட்டது.

ஆக, ‘மருந்து ஆபத்து’ என்று பொதுப்படச் சொல்வது பிழை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்கவேண்டும்.

ஸ்டீராய்டு என்னும் இருமுனைக் கத்தி

இம்மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் கிராமங்களில் இதனை அறியாமலே உட்கொள்வோர் பலர்.

ஸ்டீராய்டு பகைவன் அன்று. 1955ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டுரூலவ், விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள், பெருங்குடல் புண் அழற்சி சீறி எழும் காலத்தில் கார்ட்டிசோன் கொடுத்தால் உயிர் பிழைப்போர் மிகுவர் என்பதை முறையான ஆய்வினால் நிறுவினர். அதற்கு முன்னர் கடுமையான நோய் கண்டவர்கள் பலர் மாண்டனர். இன்றும் நோய் சீறும்போது அதுவே முதல் துணை. ஆனால் அது தீயணைக்கும் நீரே அன்றி, நாள்தோறும் பாய்ச்சும் நீர் அன்று. தீ அடங்கியபின் வேறு மருந்துக்கு மாறிவிடவேண்டும். மாறாமல் மாதக்கணக்கில் அதையே விழுங்குவதால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கிருமிகளுக்குக் கதவு திறக்கும்.

மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கலந்து கொடுக்கப்படும் மாத்திரைகளில் பிரெட்னிசலோனோ டெக்சாமெத்தசோனோ சேர்ந்திருப்பதுண்டு. இரண்டும் சட்டப்படி மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை. நாற்று நட்டு வந்த மாலையில் இடுப்பு வலி பறந்துபோவதைக் கண்டு, ‘நல்ல மாத்திரை’ என்று மறுநாளும் வாங்குகிறோம். அந்நல்ல மாத்திரையின் விலையைக் கொள்ளைநோய்க் காலத்தில் செலுத்த நேரிடுகிறது.

இனி, குழப்பத்திற்கு இடமான ஒரு செய்தி. 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆய்வு முடிவு வந்தது. கொரோனாவால் மூச்சுத்திணறிச் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்தபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றுவந்தவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை விளையவில்லை. இச்செய்தியின் முற்பாதி மட்டும் ஊர்தோறும் பரவிற்று, பிற்பாதி பரவவில்லை. காய்ச்சல் கண்ட முதல் நாளே அம்மாத்திரையை வாங்கி விழுங்கினவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில், கட்டுப்படாத நீரிழிவும் அளவற்ற ஸ்டீராய்டும் சேர்ந்த இடங்களில் கருப்புப் பூஞ்சை நோய் தோன்றியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்படவேண்டிய நோயாக ஆக்கியது. ஒரே மருந்துதான், தொற்றுக்கு முன்னரே நெடுநாள் உட்கொண்டிருந்தால் தீங்கு, தொற்று முற்றி மூச்சுத்திணறும் வேளையில் மருத்துவமனையில் பெற்றால் உயிர்காப்பு.

‘அப்படியாயின், கொள்ளைநோய் வந்ததும் ஸ்டீராய்டை உடனே நிறுத்திவிடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. இதுதான் எல்லாவற்றினும் பெரிய ஆபத்து. மின்மோட்டார் வருவதற்கு முன் நாம் கவலை கட்டி ஏரைப் பூட்டி நீர் இறைத்தோம். மோட்டார் வந்தபின் மாட்டை விற்றோம். கவலைச் சால் துருப்பிடித்தது. ஒருநாள் மின்சாரம் நின்றால், கிணற்றில் நீர் இருந்தும் பயிர் வாடுகிறது. உடலும் அவ்வாறே. தனக்கு வேண்டிய ஸ்டீராய்டை நம் உடலே சுரக்கிறது. வாரக்கணக்கில் மாத்திரையாக வெளியிலிருந்து பெற்றால், சுரப்பி சோம்பிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், சுரப்பி விழித்துக்கொள்வதற்குள் இரத்த அழுத்தம் வீழ்ந்து ஆள் மயங்கிச் சாய்வான். படிப்படியாகக் குறைக்கவேண்டும், அதையும் மருத்துவர் சொற்படியே செய்யவேண்டும்.

மருந்து அறுந்த கதை

தொற்றைவிட மருந்து அறுபடுதலே இந்நோயாளருக்கு அதிகத் தீங்கு செய்யும் என்பது என் கருத்து. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு’ என்று நம் பெரியோர் சொல்வர். சளிக்கும் சுரத்துக்கும் அது பொருந்தும். இந்நோய்க்குப் பொருந்தாது. மெசலமினோ அசதியோபிரினோ உட்கொண்டு நலமாக இருப்பவர், நலம் வந்துவிட்டதென்று நிறுத்தினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் மீளுதல் கூடும். மீண்டால் அடக்குவதற்கு ஸ்டீராய்டு வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு வந்தால் தொற்றின் ஆபத்து கூடும். தொற்றுக்கு அஞ்சி மருந்தை நிறுத்தியவர், தொற்றின் வாயிலேயே போய் விழுகிறார். இந்தச் சங்கிலியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், என் பேச்சின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டவர்கள் ஆவீர்கள்.

அச்சத்தால் நிறுத்தியவர்கள் ஒரு பக்கம். கிடைக்காமையால் நிறுத்தியவர்கள் மறுபக்கம். 2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. இந்நோய்க்கான சிறப்பு மருத்துவம் பெரும்பாலும் சென்னை, வேலூர் போன்ற நகரங்களிலேயே கிடைப்பது. உத்திரமேரூரிலிருந்து சென்னை செல்லப் பேருந்து இல்லை. மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் என்னும் மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும். 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அதனை அடுத்த மாவட்டங்களின் சில பகுதிகளிலும், காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில பகுதிகள் உட்பட, முழு ஊரடங்கு மீண்டும் விதிக்கப்பட்டது. செப்டம்பர் 1ஆம் நாள்தான் மாநிலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்துகள் அம்மாதம் 7ஆம் நாள் ஓடத் தொடங்கின. ஐந்து மாதங்களுக்கு மேல்! கையில் ஒரு மாதத்து மாத்திரையோடு இருந்த ஒருவர், அவ்வைந்து மாதங்களை எப்படிக் கடந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவ அவசரத்திற்கு அனுமதி உண்டு என்று விதி இருந்தது. ஆனால் கைப்பேசியில் விண்ணப்பம் எழுதத் தெரியாத விவசாயிக்கு விதி இருந்தும் என் பயன்?

அக்காலத்தில் நம் மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அலுவலர்கள் உழைத்தார்கள், குறை கூறவில்லை. ஆயினும் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எவர் என்ன மருந்து உண்கிறார் என்பதை அறிந்தவர், அத்தெருவில் வாக்குக் கேட்டு நடந்த உறுப்பினரே அல்லரோ?

நிற்க. இவ்விடத்தில் நம் மண்ணின் பழஞ்செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் பேசுவர். பராந்தக சோழன் காலத்தில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்க் காரியங்களைப் பங்கிட்டுச் செய்தனர். அதைப்பற்றிக் கேட்டுக் கேட்டு உங்கள் செவி புளித்திருக்கும். அதற்கு அருகிலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில், கி.பி. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அக்கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்து வந்தது. பதினைந்து படுக்கைகள்; மருத்துவர் ஒருவர்; அறுவை செய்பவர் ஒருவர்; மூலிகை கொண்டுவருவோர்; நோயாளரைப் பேணும் பெண்கள். இவை யாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது, ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் அளவும் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பதுதான். கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பல, தைலங்கள் பல. நோய் வந்தபின் மருந்து தேடுவதல்ல, நோய் வருமுன்னரே மருந்து இருப்பில் இருத்தல் என்பது அவர்கள் கொண்ட முறை. ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே வட்டாரத்தில், ஒரு மாத மாத்திரைக்கு வழியின்றி நின்றோம்.

ஊராட்சி செய்யக்கூடியது

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வந்தாலும் சரி, பெருவெள்ளத்தால் வழி அடைபட்டாலும் சரி, மருந்து அறுபடாதிருக்க ஊராட்சி என்ன செய்யலாம்?

முதலாவது, தெரிந்துவைத்திருத்தல். நாள்பட்ட மருந்து உண்போர் எவர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் உதவியுடன் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு நோயாளருக்கு மாத்திரை வீட்டிற்கே வருகிறது. அத்திட்டப் பணியாளர் தெருத்தெருவாக நடப்பவர். குடல் அழற்சி நோயாளரையும் அவர் அறிந்திருந்தால், இடர்க்காலத்தில் இவர்களுடைய மருந்தையும் கேட்டு வாங்கித் தர வழி பிறக்கும். ஆனால் ஒன்று. இக்குறிப்பு கிராம சபையில் படிப்பதற்கு உரியதன்று. கொரோனாக் காலத்தில் வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்பால் குடும்பங்கள் பட்ட அவமானம் நமக்குத் தெரியும். மலத்தில் இரத்தம் போகும் நோய் தனக்கு உண்டு என்பது ஊரறிய வேண்டும் என்று எந்த இளம்பெண்ணும் விரும்பமாட்டாள். நோயாளர் சம்மதித்தால் மட்டுமே குறித்தல் வேண்டும். குறிப்பும் செவிலியரிடமே இருத்தல் நன்று.

இரண்டாவது இருப்பு. விதைநெல்லை எவ்வளவு பஞ்சம் வந்தாலும் நாம் குத்தி உண்பதில்லை. அதுபோல, இந்நோயாளர் ஒவ்வொருவரும் ஒரு மாதத்து மாத்திரையைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். புதிது வாங்கியதும் பழையதை எடுத்து உண்டு, புதியதை இருப்பில் வைக்கவேண்டும். இல்லையேல் காலாவதியான மாத்திரைதான் ஆபத்தில் கைக்கு வரும். ஸ்டீராய்டை இவ்வாறு சேர்த்துவைத்துத் தாமே எடுத்துக்கொள்ளுதல் ஆகாது. நான் கூறுவது நோயை அடக்கிவைக்கும் நிலை மருந்துகளைப் பற்றி மட்டுமே.

மூன்றாவது, தொலைவிலிருந்தே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல். தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் ஆலோசனை கூறும் நெறிமுறைகளை 2020 மார்ச் 25ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி என்னும் இணையவழிப் புறநோயாளர் சேவை தொடங்கியது. அசதியோபிரின் உண்பவருக்கு அவ்வப்போது இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். அதற்காகச் சென்னைக்குச் செல்லவேண்டுவதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எடுத்து முடிவை அனுப்பலாம். படித்த இளைஞர் ஒருவர் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து இதற்கு உதவினால், ஒரு பிரயாணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

கழிப்பறையைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் என் பேச்சு முழுமை பெறாது. நோய் சீறும்போது ஒருவர் நாளொன்றுக்குப் பத்து முறையும் எழவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளும் நேரம் சில நிமிடங்களே. ஏரிக்கரைக்கும் முட்புதருக்கும் ஓடுதல் அவரால் இயலாது. கொரோனாக் கிருமியின் கூறுகள் மலத்திலும் கண்டறியப்பட்டன. வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவரும் குடல் நோயாளரும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்த நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் கழுவிச் சுத்தம் செய்தபின்னரே மற்றவர் செல்லவேண்டும். இத்தகைய குடும்பங்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டித் தருவதில் ஊராட்சி முன்னுரிமை தருமானால், அது மருந்துக்கு நிகரான உதவி.

எப்போது விரையவேண்டும்?

கொரோனாவும் சிலருக்கு வயிற்றுப்போக்காகவே தொடங்கும். ஆதலின் குடல் அழற்சி உடையவருக்குப் புதிதாகப் பேதி கண்டால், அது பழைய நோயின் சீற்றமா, புதிய தொற்றா என்பதைச் சோதித்தே அறிய முடியும். சோதனை முடிவு வரும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் பருகவேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொள்ளலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளறக்கூடும். அவற்றைத் தவிர்த்தல் நலம்.

நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் இரத்தத்துடன் மலம் போய், அதனுடன் காய்ச்சலோ நாடி விரைவோ வயிற்று உப்புசமோ இருந்தால், ஊரடங்காயினும் வீட்டில் இருத்தல் தகாது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனை சேரவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அவ்வாறே. சீறிய குடல் அழற்சியிலும் கொரோனாவிலும் இரத்தம் உறைந்து கட்டியாகும் இயல்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பெரிது. தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே நாட்களைக் கடத்துவது, அக்காலத்தில் நோயாளர்க்கு நேர்ந்த தீங்குகளில் ஒன்று.

கேள்விகள் சில

கூட்டம் தொடங்குமுன் சிலர் என்னிடம் வினவியவற்றிற்கு விடை கூறி முடிக்கிறேன்.

கபசுரக் குடிநீர் அருந்தலாமா என்பது ஒன்று. 2020இல் அரசே அதனை வழங்கியது. நம்மில் பெரும்பாலோர் அருந்தினோம். குடல் அழற்சி உடையவர் அதனைத் தம் மருத்துவரிடம் கேட்டே அருந்தவேண்டும். எதை அருந்தினாலும், அதற்கு ஈடாக மாத்திரையை நிறுத்தலாகாது.

தடுப்பூசி போடலாமா என்பது மற்றொன்று. 2021 ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கிய தடுப்பூசிப் பணியில் முதலில் பயன்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் உடலில் பெருகவல்ல உயிர்க் கிருமி கொண்டவை அல்ல. ஆதலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்போரும் அவற்றைப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அத்தகையோர் சிலருக்குத் தடுப்பூசியால் உண்டாகும் பாதுகாப்புச் சற்றுக் குறைவாக அமைவதால், கூடுதல் தவணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்றவற்றுக்கான தடுப்பூசிகளில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருக்கும். அவற்றை இந்நோயாளர் மருத்துவரைக் கேளாமல் போட்டுக்கொள்ளலாகாது. மகன் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும்போது ஊசி கேட்பார்கள். அப்போது இதை மறவாதீர்கள்.

கருவுற்ற பெண் மருந்தை நிறுத்தவேண்டுமா என்று ஓர் அம்மையார் கேட்டார். பெரும்பாலான மருந்துகளைத் தொடர்வதே தாய்க்கும் சேய்க்கும் நலம். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து கருவைக் கெடுப்பது; கருத்தரிக்கு முன்னரே அதனை மாற்றிவிடவேண்டும். ஆகவே திருமணமான பெண்கள் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

உணவில் பத்தியம் எது என்பது கடைசி வினா. எல்லாருக்கும் பொதுவான பத்தியம் இல்லை. நோய் சீறும்போது காரமும், நார் மிகுந்த காய்களும், சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளா. அடங்கியபின் கேழ்வரகுக் கூழ் ஒத்துக்கொள்பவர் தாராளமாக உண்ணலாம். உண்ணாமல் இளைப்பதே பெருங்கேடு.

இந்நோய் உடையவர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலை வீடு சென்றதும் மருத்துவர் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் மூன்றும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். இல்லையாயின் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள். அச்சீட்டின் படி ஒன்றை வீட்டிலும், மற்றொன்றைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் வைத்துவிடுங்கள்.